மூன்றாம் உரிமையாளர்

பங்குக் குருவின் வாகனத்தைக் கொண்டே அவர் பணியாற்றிய காலத்தைக் கணித்துவிடலாம் என்று மூத்த குருக்கள் வேடிக்கையாகச் சொல்வதுண்டு. மாட்டு வண்டியில் கிளைப் பங்குகளைச் சுற்றி வந்தவர்களைப் பற்றி நான் கேள்விப்பட்டிருக்கிறேனேயன்றிக் கண்டதில்லை. அங்கியை முழங்கால்வரை தூக்கிச் செருகிக்கொண்டு மிதிவண்டி மிதித்தவர்களைச் சிறு வயதில் கண்டிருக்கிறேன். பின்னர் மைசூரில் செய்த ஜாவா வந்தது. திருவொற்றியூரில் செய்த புல்லட் வந்தது. 1980ஆம் ஆண்டில் ஓசூரிலிருந்து டி.வி.எஸ். 50 வந்தபோது, கியர் மாற்றத் தெரியாத குருக்களுக்கும் கவலை தீர்ந்தது. நான் குருப்பட்டம் பெற்ற நாள்தொட்டு ஓட்டியவை யாவும் நூறு சி.சி. கொண்ட சாதாரண வண்டிகளே. ஓட்டுகிறவரைப் பற்றி எவரிடமும் எதுவும் சொல்லாத வண்டிகள். அதுவே அவற்றின் சிறப்பு.

இப்போது எங்கள் பங்குமனைத் தாழ்வாரத்தில் நிற்பது அத்தகையதன்று. அது யமஹா ஆர்-15. 2008ஆம் ஆண்டில் இந்தியாவில் அறிமுகமாகி, 2011இல் இரண்டாம் பதிப்பாகத் திருத்தி அமைக்கப்பட்ட பந்தயச் சாயல் கொண்ட சிறு மோட்டார் சைக்கிள். நீல நிறம். 2016ஆம் ஆண்டில் பதிவு செய்யப்பட்டு, நாற்பத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடிய பின் என்னிடம் வந்தது. கூர்மையான மூக்கு, இரண்டு கண்களைப் போல் விளக்குகள், இயந்திரத்தை மூடிய பிளாஸ்டிக் மேலுறை, குனிந்து பிடிக்கவேண்டிய கைப்பிடி, ஏணி வைத்து ஏறவேண்டுமோ என்று ஐயுறும் அளவுக்கு உயர்ந்த பின்னிருக்கை. ஐம்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு குருவுக்கு இது எதற்கு என்று கேட்காதவர் எங்கள் ஊரில் இல்லை. உபதேசியார் ஒருவர்தாம் கேட்கவில்லை. அவர் வண்டியை ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அங்கியோட இதுல ஏற முடியாதுங்களே சாமி" என்று மட்டும் சொன்னார். உண்மைதான். அங்கி இப்போது முதுகுப் பையில் மடிந்து பயணம் செய்கிறது.

அது வந்த வரலாற்றைச் சொல்லியாக வேண்டும். வத்தலக்குண்டிலிருந்து காமக்காபட்டி வழியாகக் கொடைக்கானலுக்கு ஏறும் மலைச்சாலையை அறிந்தவர்களுக்கு எங்கள் பங்கின் இருப்பிடம் ஓரளவு விளங்கும். சனி, ஞாயிறுகளில் விடியற்காலை ஐந்து மணிமுதலே இளைஞர்கள் இத்தகைய வண்டிகளில் கூட்டங்கூட்டமாக மலையேறுவார்கள். முதல் திருப்பலியின் மறையுரையில் பாதி அந்த ஓசையில் கரைந்துபோகும். எங்கள் பங்கின் இளைஞன் ஒருவனுக்கும் அந்த ஓசை காதில் விழுந்துகொண்டே இருந்திருக்கிறது. தந்தையை இழந்தவன், தாய் மல்லிகைத் தோட்டங்களில் பூப்பறித்து வளர்த்த ஒரே மகன், நூற்பாலை ஒன்றில் மின்பணியாளன். 2022ஆம் ஆண்டில், சீட்டுப் போட்டுச் சேர்த்த பணத்தில், ஒருவர் ஓட்டிக் கழித்த இந்த வண்டியைக் கோயம்புத்தூருக்குச் சென்று வாங்கிவந்தான். 2024ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஒரு ஞாயிறு மாலை, மலையிலிருந்து இறங்கும்போது டம் டம் பாறைக்குக் கீழே ஒரு வளைவில் கொட்டிக் கிடந்த மணலில் முன்சக்கரம் வழுக்கியது. இடக்காலில் இரண்டு முறிவு. எலும்புக்குள் எஃகுக் கம்பி வைத்தார்கள். தலைக்கவசத்தின் இடப்பக்கத்தில் உள்ளங்கை அகலத்துக்குத் தேய்ந்து போயிருந்தது. அந்தத் தேய்வு எங்கே விழுந்திருக்கும் என்பதை அவன் தாய் என் எதிரில் அவன் தலையிலேயே விரல் வைத்துக் காட்டினார்.

வண்டிக்குப் பெரிய சேதமில்லை. அதுவே தொல்லையாயிற்று. ஐந்து மாதங்கள் அது அந்த வீட்டு வாசலில் தார்ப்பாய்க்குள் நின்றது. தரகர்கள் வந்தார்கள், நல்ல விலையும் கேட்டார்கள். அந்த அம்மாள் ஒவ்வொருவரையும் திருப்பி அனுப்பினார். மகனும் விற்கச் சம்மதித்துவிட்ட பிறகு தாய் ஏன் மறுக்கிறார் என்பது எனக்கு விளங்கவில்லை. கேட்டேன்.

"வித்தா இன்னொரு தாய் பெத்த பிள்ளை கையிலதானே சாமி போகும்? என் பிள்ளை பொழச்சுட்டான். அந்தப் பிள்ளைக்கு நான் யார்கிட்டப் போய்ப் பதில் சொல்றது?"

இதற்கு இறையியல் நூல்களில் விடை தேடுவது வீண் வேலை. உடைத்து எடைக்குப் போடலாம் என்றால் மகன் முகம் வாடுகிறது. அது அவனுடைய மூன்றாண்டுச் சேமிப்பு. நானே வாங்கிக்கொள்கிறேன் என்று சொன்னபோது என் குரல் எனக்கே புதிதாக ஒலித்தது. அவர் இனாமாகக் கொடுப்பதாகச் சொன்னார், நான் இணங்கவில்லை. வத்தலக்குண்டு மெக்கானிக் ஒருவர் வண்டியைப் பார்த்து நாற்பத்திரண்டாயிரம் ரூபாய் மதிப்பிட்டார். என் குருப்பட்ட வெள்ளி விழாவுக்கு உடன்பிறந்தோர் கொடுத்திருந்த தொகை அதற்குச் சரியாக இருந்தது.

பழைய வண்டி வாங்குகிற எவரும் முதலில் பார்க்கவேண்டியது இயந்திரத்தையன்று, காகிதத்தை. ஆர்.சி. புத்தகத்தைப் பிரித்தால் எங்கள் இளைஞனின் பெயரே அதில் இல்லை! கோயம்புத்தூர்க்காரரின் பெயரே இருந்தது. அவர் படிவம் 29, படிவம் 30 இரண்டிலும் வெறுமனே கையொப்பமிட்டுக் கொடுத்துவிட்டார். இவனும் அவற்றை மடித்து அலமாரியில் வைத்துவிட்டான். நாடெங்கும் நடக்கிற வழக்கந்தான் இது. ஒரே மாநிலத்துக்குள் விற்றவர் பதினான்கு நாட்களுக்குள்ளும், வாங்கியவர் முப்பது நாட்களுக்குள்ளும் பதிவு அலுவலகத்துக்கு அறிவிக்கவேண்டும் என்று 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் சொல்கிறது. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருடையதே என்று உச்ச நீதிமன்றமும் 2018ஆம் ஆண்டில் தெளிவாக்கிவிட்டது. போதாக்குறைக்கு, விபத்து நடந்த நாளில் இன்சூரன்ஸ் காலாவதியாகி ஏழு மாதங்கள் ஆகியிருந்தன. அந்த வளைவில் எதிரே ஒரு குடும்பம் வந்திருந்தால்? கோயம்புத்தூரில் தம் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர், தாம் பார்த்திராத ஒரு விபத்துக்காகத் தம் வீட்டை விற்றிருக்க நேரும். அவருக்கு நான் தொலைபேசியில் இதை எடுத்துச் சொன்னபோது மறுமுனையில் நெடுநேரம் பேச்சே இல்லை. மறு வாரமே புறப்பட்டு வந்தார். ஆகவே, பதிவேட்டின்படி நான் இரண்டாம் உரிமையாளன்; உண்மையில் மூன்றாமவன். நடுவில் இருந்தவனுடைய பெயர் எந்த அரசு ஏட்டிலும் இல்லை, அவன் காலில் உள்ள தழும்பில்தான் இருக்கிறது.

2025ஆம் ஆண்டு தை மாதம் ஒரு காலை வேளையில் முதன்முதலாக அதில் ஏறி அமர்ந்தேன். அமர்ந்தேன் என்பது சரியான சொல்லன்று. கவிழ்ந்தேன் என்பதே பொருந்தும். கைப்பிடி தாழ்ந்தும், கால்மிதி பின்வாங்கியும் இருப்பதால் உடல் முன்னோக்கிச் சாய்கிறது. வழக்கம்போல் நெஞ்சின்மீது தொங்கவிட்டிருந்த நற்கருணைச் சிமிழின் பை, நெஞ்சைவிட்டு விலகி ஊசலாடிற்று. மறுநாள் முதல் அதைச் சட்டையின் உட்பையில் வைத்துத் தைத்துக்கொண்டேன். முதல் கிளைப் பங்குக்கு ஒன்பது கிலோமீட்டர். போய்ச் சேரும்போது இரண்டு மணிக்கட்டுகளும் நொந்தன, கழுத்து பலகையாகிவிட்டது. நோயாளிகளில் ஒருவரான பாட்டி, தம் வலியைச் சொல்லத் தொடங்கியவர், என்னைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு என்ன சாமி செய்யுது?" என்று கேட்டார்.

மூன்றாம் நாள்தான் ஒன்று புலப்பட்டது. வத்தலக்குண்டுப் புறவழியில் சாலை நேராகவும் வெறுமையாகவும் கிடந்தது. நாற்பதிலிருந்து அறுபது, அறுபதிலிருந்து எழுபத்தைந்து என்று வேகம் ஏறியபோது, எதிர்க்காற்று மார்பில் வந்து அழுத்தி என் உடலைத் தாங்கிக்கொண்டது. மணிக்கட்டின் பாரம் கரைந்தது. கழுத்து தானே இளகியது. அதுவரை என்னை வாட்டிய அந்த இருக்கை, ஒரு கணத்தில் எனக்கென்றே அளவெடுத்துத் தைத்த சட்டைபோல் ஆயிற்று. இயந்திரமும் அவ்வாறே. நூற்றைம்பது சி.சி.யும் பதினேழு குதிரைத்திறனும் கொண்ட அந்த எஞ்சின், தன் முழு ஆற்றலை நிமிடத்துக்கு 8,500 சுற்றுகளில்தான் வெளியிடுகிறது. ஆறாயிரத்துக்குக் கீழே அது சாது. அதற்குமேல் அதன் குரலே மாறுகிறது. ஆறு கியர்களும் ஒன்றையடுத்து ஒன்று, மேலே வா, மேலே வா என்று அழைக்கின்றன.

அன்பு வாசகரே, குறிப்பாகப் பிள்ளைகளைப் பெற்ற வாசகரே, இதைத்தான் உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன். இந்த வண்டி மெல்லப் போகிறவனுக்கு நோவையும், விரைந்து போகிறவனுக்குச் சுகத்தையும் தருமாறு கட்டப்பட்டிருக்கிறது. அது பழுதன்று, பந்தயத் திடலுக்கான வடிவத்தின் இயல்பு. அதை வாங்கிக் கொடுத்துவிட்டு, அல்லது அவனே வாங்கியதைக் கண்டும் காணாமல் இருந்துவிட்டு, "மெதுவாப் போ" என்று மட்டும் வாசலில் நின்று சொல்லும்போது, அவன் உடம்பே ஏற்க மறுக்கும் ஒன்றைச் சொல்கிறோம். அவன் நம் சொல்லைத் தட்டுகிறவன் என்பதனால்தான் வேகமாகப் போகிறான் என்று எண்ணிவிட வேண்டாம். மெதுவாகப் போவதற்கும் இதில் ஒரு பயிற்சி உண்டு. முழங்கால்களால் டேங்கை இறுக்கிப் பிடித்து, முதுகிலும் வயிற்றிலும் பாரத்தைத் தாங்கினால் கைகள் விடுபடும். எனக்கு அது கைவர ஆறு வாரங்கள் ஆயின. கற்பித்தவன், ஊன்றுகோலுடன் தாழ்வாரத் திண்ணையில் உட்கார்ந்திருந்த அந்த இளைஞன்.

அவன் நாள்தோறும் மாலையில் வருவான். முதலில் வண்டியைப் பார்க்க வந்தான். பிறகு நான் அதைப் பேணுகிற அழகைப் பொறுக்கமாட்டாமல் வந்தான் என்று நினைக்கிறேன். செயினை எப்படித் துடைப்பது, எத்தனை நாளுக்கொருமுறை எண்ணெய் இடுவது, ரேடியேட்டரில் கூலண்ட் எந்தக் கோடுவரை நிற்கவேண்டும் என்றெல்லாம் சொல்லிக்கொடுத்தான். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கங்கள் பொறித்திருப்பதை எனக்குக் காட்டியவனும் அவனே. முதல் இரண்டு வாரத்தையும், பின்னிரண்டு ஆண்டையும் குறிக்கும். முன்சக்கரத்தில் குனிந்து படித்தேன்: 3416. அதாவது 2016ஆம் ஆண்டின் 34ஆம் வாரம். எட்டு ஆண்டு வெயிலில் காய்ந்து இறுகிய ரப்பர். மேலே வரிகள் ஆழமாகவே இருந்தன. கண்ணுக்கு நல்ல டயராகத்தான் தோன்றியது. அவன் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, விரல் நகத்தால் அதை அழுத்திப் பார்த்தான், நகம் பதியவில்லை. "மணல் மட்டுமில்ல ஃபாதர்" என்றான். அவன் தாய்க்கு நான் 'சாமி', அவனுக்கு 'ஃபாதர்'. அதன்பின் அன்று அவன் எதுவும் பேசவில்லை. மறுநாள் இரண்டு டயர்களையும் மாற்றினேன்.

அவனிடம் நான் பெற்றதற்கு ஈடாக, குருமடத்துக்கு முந்திய என் பௌதிகப் பாடத்தைக் கொஞ்சம் திருப்பிக் கொடுத்தேன். மணிக்கு நாற்பது கிலோமீட்டர் என்பது ஒரு நொடிக்குப் பதினொரு மீட்டர். எண்பது என்பது இருபத்திரண்டு மீட்டர். ஆபத்தைக் கண்டு கை பிரேக்கைத் தொடுவதற்கே ஒரு நொடி கழிந்துவிடும். அதற்குப் பிறகு, வேகம் இரட்டித்தால் வண்டி நிற்கும் தொலைவு இரட்டிப்பதில்லை, நான்கு மடங்காகிறது. இதைத் திண்ணையில் கரித்துண்டால் கோடு போட்டுக் காட்டினேன். பிறகு இருவரும் தேவாலய முற்றத்தில் உண்மையாகவே அளந்து பார்த்தோம். நான் ஓட்டினேன், அவன் சுண்ணாம்பால் கோடிட்டான். முற்றம் நீளம் போதாமையால் எண்பதைச் சோதிக்கவில்லை. இருபதும் நாற்பதுமே பாடத்துக்குப் போதுமானவையாக இருந்தன. வேடிக்கை பார்க்க வந்த நற்கருணை வீரர் சபைச் சிறுவர்கள் அந்தக் கோடுகளை நெடுநாள் அழியவிடவில்லை.

இடையே ஒரு சிறு செய்தி. எங்கள் பாடகர் குழுவின் இசைப்பெட்டியிலும் யமஹா என்றே எழுதியிருப்பதைக் கண்டு, இரண்டும் ஒன்றா என்று ஒரு சிறுமி கேட்டாள். இரண்டுக்கும் மூலம் ஒன்றேதான். 1887ஆம் ஆண்டில் ஜப்பானின் ஹமாமட்சு நகரத்துப் பள்ளி ஒன்றில் பழுதடைந்த ஆர்மோனியம் ஒன்றைச் சீர்செய்த டொராகுசு யமஹா என்பவர் தொடங்கிய தொழில் அது. மோட்டார் சைக்கிள் செய்யத் தொடங்கியது 1955ஆம் ஆண்டில்தான். டேங்கின் மீதுள்ள முத்திரையை உற்றுப் பார்த்தால், சுருதி கூட்டும் இசைக்கவை மூன்று குறுக்காகப் பின்னியிருப்பது தெரியும். அன்றிலிருந்து பாடகர் குழுவினர் இந்த வண்டியை ஓரளவு தங்களுடையதாகக் கருதுகிறார்கள். மழை வந்தால் உள்ளே தள்ளி வைக்கிறார்கள்.

இத்தகைய வண்டிகளை ஒழித்துவிட வேண்டுமென்று கருதுவோர் எங்கள் பங்குப் பேரவையிலேயே உண்டு. அவர்களுடைய அச்சத்தை நான் சிறிதும் குறைத்து மதிப்பதில்லை. மத்திய அரசு வெளியிட்ட கணக்கின்படி, 2022ஆம் ஆண்டில் மட்டும் நாட்டின் சாலைகளில் 1,68,491 பேர் மாண்டனர். அவர்களில் நூற்றுக்கு நாற்பத்து நான்கு பேருக்கு மேல் இருசக்கர வண்டிகளில் சென்றவர்கள். அவ்வாண்டு விபத்துகளின் எண்ணிக்கையில் மாநிலங்களுள் முதலிடம் தமிழகத்துக்கே: 64,105. ஆனால் அந்தக் கணக்கில் என்னை நிறுத்தி வைத்தது வேறோர் எண். தலைக்கவசம் அணியாமல் மாண்டவர் 50,029 பேர். அவர்களுள் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்லர், பின்னால் அமர்ந்திருந்தவர்கள். திருப்பலி முடிந்ததும் கணவனுக்கோ மகனுக்கோ பின்னால், கையில் பிள்ளையுடன் பக்கவாட்டில் உட்கார்ந்து, முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போகிறார்களே, அவர்களும் அந்த எண்ணுக்குள் அடங்கக்கூடியவர்களே. அவர்கள் போவது பந்தய வண்டியில் அன்று. சாதுவான நூறு சி.சி. வண்டியில்தான்.

சித்திரை மாதத்தில் ஒரு நாள் அந்த மலைச்சாலையில் தனியாக ஏறினேன். வார நாள், காலை ஏழு மணி. எவரிடமும் சொல்லவில்லை. வளைவுகளில் இந்த வண்டி நடந்துகொள்ளும் விதம் வியப்பானது. இடப்புறம் திரும்ப வேண்டுமானால் இடக் கைப்பிடியை முன்னோக்கி மெல்ல அழுத்த வேண்டும். வண்டி அப்பக்கம் சாய்ந்து தானே திரும்பும். எல்லா மோட்டார் சைக்கிளுக்கும் பொதுவான விதிதான். ஆயினும் இதில்தான் கை அதை உணர்கிறது. கரணம் தப்பாமல் வளைந்து வளைந்து ஏறும்போது, கீழே மஞ்சளாற்று அணை ஒரு தகடுபோல் மின்னிற்று. தலையாறு அருவி எதிர்ப்பாறையில் வெள்ளை நூலாகத் தொங்கியது. உள்ளத்தில் எழுந்த மகிழ்ச்சியை ஒளித்து எழுதுவதற்கில்லை. இருபத்து மூன்று வயதில் இது என்னவாக இருந்திருக்கும் என்று எண்ணிப் பார்த்தேன்.

இறங்கும்போது அந்த வளைவில் நின்றேன். இடப்பக்கம் பாறைச் சுவர். அது பார்வையை மறைக்கிறது. வளைவுக்குள் வண்டி சாய்ந்த பிறகே சாலையின் மேற்பரப்பு கண்ணுக்குப் படுகிறது. மணல் அப்போதும் கிடந்தது. மழைதோறும் மேலிருந்து அரித்து வருவது போலும். முப்பது கிலோமீட்டர் வேகத்தில் வந்த எனக்கு அதைக் கண்டு நிமிர்ந்து பிரேக் பிடிக்கக் கொஞ்சம் இடம் மிஞ்சியது. காய்ந்த டயருடன் ஐம்பதில் வந்தவனுக்கு மிஞ்சியிராது. காலடியால் அளந்து பார்த்துக் குறித்துக்கொண்டேன். அடுத்த சனிக்கிழமை எங்கள் இளைஞர் மன்றத்தினர் எட்டுப் பேர் துடைப்பத்துடன் போனார்கள். மாதத்துக்கு ஒருமுறை போகிறார்கள்.

வைகாசியில் அவன் ஊன்றுகோலை விட்டான். இப்போது சிறிது சாய்ந்து நடக்கிறான். ஆலை வேலைக்குப் பேருந்தில் போகிறான். சென்ற வாரம் செயினுக்கு எண்ணெய் இட்டுக்கொண்டிருந்தபோது, தலை நிமிராமலே கேட்டான்: "கால் முழுசா சரியானதும் இதை எனக்கே திருப்பிக் குடுப்பீங்களா ஃபாதர்? அதே விலைக்கு."

நான் உடனே விடை சொல்லவில்லை. அவன் தாய் இதை என்னிடம் ஒப்படைத்தது எதற்காக என்பது அவனுக்கும் தெரியும். அதே வேளையில் டயரின் இலக்கத்தைப் படிக்கவும், நிற்கும் தொலைவைக் கணக்கிடவும், இன்சூரன்ஸ் தேதியைச் சுவரில் எழுதிவைக்கவும் அறிந்தவன் இப்போது எங்கள் ஊரில் அவனைவிட வேறொருவன் இல்லை. அம்மாளிடம் அவனே கேட்க வேண்டும் என்றேன். கேட்டிருக்கிறான். அவர் ஆம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பூக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, அந்தக் கோடு போட்ட கணக்கைத் தமக்கும் ஒருமுறை காட்டும்படி கேட்டாராம்.

வரும் சனிக்கிழமை செயினையும் ஸ்பிராக்கெட்டையும் மாற்றவேண்டியிருக்கிறது. அவன் வருவான். அம்மாளும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கோடு போட முற்றத்தைக் கூட்டி வைக்கும்படி உபதேசியாரிடம் சொல்லியிருக்கிறேன்.